குடல் கிருமியும் ரத்தக் கொதிப்பும்: பழனி மலைக்காரர்கள் கேட்ட கேள்விகள்

இந்த மலையில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானல் சந்தைக்குப் பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், பண்ணைக்காடு என்று எல்லாப் பக்கமிருந்தும் ஆட்கள் வருவார்கள். சாமான் வாங்கி முடித்து, பஸ்ஸுக்கு நேரம் இருந்தால் சிலர் என் வீட்டுக்கு வந்து பிரஷர் பார்க்கக் கையை நீட்டுவார்கள். கொஞ்ச நாளாக எல்லோரும் ஒரே விஷயத்தைக் கேட்கிறார்கள்: வயிற்றிலிருக்கும் கிருமிதான் பிரஷரை ஏற்றுகிறது, இறக்குகிறது என்று போனில் வருகிறதே, நிஜமா? திண்ணையில் ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை. அதனால் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

கிருமின்னா நோய்தானே சிஸ்டர்? அது எப்படி நல்லது செய்யும்?

எல்லாக் கிருமியும் நோய் தராது. பாலைத் தயிராக்குவதும் கிருமிதான், இட்லி மாவைப் பொங்க வைப்பதும் கிருமிதான். நம் உடம்பில் இருக்கும் பாக்டீரியாக்கள் ஏறக்குறைய 38 லட்சம் கோடி என்று 2016-ல் கணக்கிட்டார்கள். நம்முடைய சொந்த செல்களின் எண்ணிக்கையும் கிட்டத்தட்ட அதே அளவுதான். எடை போட்டால் எல்லாம் சேர்ந்து 200 கிராம் வரும். பெரும்பகுதி பெருங்குடலில் வாழ்கிறது. இடம் கொடுத்துச் சாப்பாடும் போட்டால் பதிலுக்கு வேலை செய்யும் குடித்தனக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதுங்க அப்படி என்னத்தைத்தான் செய்யுது?

நாம் சாப்பிடும் சோறும் பருப்பும் எண்ணெயும் சிறுகுடலிலேயே செரித்து ரத்தத்தில் சேர்ந்துவிடும். நார்ச்சத்தைச் செரிக்க நம்மிடம் நொதி கிடையாது. அவரையின் தோல், ராகியின் தவிடு, பூண்டிலிருக்கும் ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலி, ஆறிப்போன சோற்றின் கெட்டிப்பட்ட மாவு, இவையெல்லாம் செரிக்காமல் பெருங்குடல் வரை போகும். அங்கே ஆக்சிஜன் அநேகமாகக் கிடையாது. கிருமிகள் அவற்றைப் புளிக்க வைக்கும்.

அந்தப் புளிப்பில் முக்கியமாக மூன்று சிறிய அமிலங்கள் உண்டாகின்றன: அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட். அசிட்டேட் வேறொன்றுமில்லை, வினிகரில் இருக்கும் புளிப்புதான். பியூட்டிரேட்டைப் பெருங்குடலின் உள்சுவர் செல்களே எரிபொருளாக எடுத்துக்கொள்ளும். புரோப்பியோனேட்டில் பெரும்பங்கு கல்லீரலில் நின்றுவிடும். அசிட்டேட்தான் ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கச் சுற்றும். குடலுக்குள் நடக்கிற வேலைக்கும் கையில் கட்டுகிற பிரஷர் பட்டைக்கும் சம்பந்தம் வருவது இதனால்தான்.

சரி, வினிகர் மாதிரி ஒரு புளிப்பு எப்படி பிரஷரைத் தொடும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதல் துப்பு டயாலிசிஸில் கிடைத்தது. முன்பெல்லாம் டயாலிசிஸ் திரவத்தில் அசிட்டேட் சேர்ப்பார்கள். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சிலருக்குப் பிரஷர் சட்டென்று இறங்கிவிடும். அசிட்டேட் ரத்தக் குழாயைத் தளர்த்திவிடுவது அதற்கு ஒரு காரணம் என்று தெரிந்தது. பிற்பாடு பைகார்பனேட்டுக்கு மாறினார்கள். குடல் கிருமியைப் பற்றி யாரும் யோசிக்காத காலம் அது.

அடுத்தது 2013-ல் வந்தது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெனிஃபர் ப்ளஸ்னிக் என்பவரின் குழு எலிகளின் சிறுநீரகத்தை ஆராய்ந்தது. மூக்கில் வாசனையை உணர ஏற்பிகள் என்று சில புரதங்கள் உண்டு. அந்த வகையைச் சேர்ந்த ஓர் ஏற்பி சிறுநீரகத்தில், அதுவும் ரெனின் சுரக்கும் இடத்திலேயே இருந்தது. ரெனின் பிரஷரை ஏற்றும் சுரப்பு. மூக்கில் இருக்க வேண்டியது இங்கே எதை மோப்பம் பிடிக்கிறது என்று தேடினால், குடல் கிருமிகள் விடும் அந்தச் சிறிய அமிலங்களை!

இதில் ஒரு முடிச்சும் உண்டு. அந்த ஏற்பி தூண்டப்பட்டால் ரெனின் கூடும், பிரஷர் ஏறும். ஆனால் அதே அமிலங்கள் இன்னொரு ஏற்பியைத் தொட்டால் ரத்தக் குழாய் விரியும், பிரஷர் இறங்கும். ஒரே சாவி, இரண்டு பூட்டு. சாதாரண எலிக்குப் புரோப்பியோனேட் கொடுத்தபோது பிரஷர் இறங்கியது. இறக்கும் பூட்டு இல்லாமல் பிறந்த எலிக்குக் கொடுத்தால் ஏறியது. அதாவது இறக்குகிற பக்கம்தான் வழக்கமாக ஜெயிக்கிறது, மற்றது பிரஷர் ஒரேயடியாகக் கீழே போய்விடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

மூன்றாவது வழி குடல் சுவர். பியூட்டிரேட் கிடைக்காவிட்டால் அந்தச் சுவரின் செல்களுக்கு இடையே கட்டு தளரும். கிருமிகளின் உடைந்த துண்டுகள் ரத்தத்தில் கசியும். உடம்பு அவற்றோடு ஓயாமல் சண்டை போடும். அந்த அழற்சி வருடக்கணக்கில் நீடித்தால் ரத்தக் குழாயின் உட்சுவர் கெட்டு, விறைத்துப்போகும்.

இதெல்லாம் எலிக்கு. மனுஷனுக்கு ஏதாவது பாத்திருக்காங்களா?

பார்த்திருக்கிறார்கள், இன்னும் சின்ன அளவில்தான். 2017-ல் ரத்தக் கொதிப்பு உள்ள மனிதர்களின் மலத்திலிருந்து கிருமிகளை எடுத்து, கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குள் வைத்தார்கள். அந்த எலிகளுக்குப் பிரஷர் கூடியது. கிருமியோடு கொதிப்பும் சேர்ந்தே இடம் மாறியது போல.

மனிதர்களிடமே செய்த ஆய்வு 2023-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வெளிவந்தது. பிரஷர் இருந்தும் மாத்திரை தொடங்காத 20 பேர். மக்காச்சோள மாவில் அசிட்டேட்டையும் பியூட்டிரேட்டையும் பிணைத்துத் தினம் 40 கிராம், மூன்று வாரம் கொடுத்தார்கள். பெருங்குடலுக்குப் போன பிறகுதான் கிருமிகள் அதை அவிழ்க்கும். 24 மணி நேரமும் அளந்து பார்த்ததில் மேல் எண் (120/80 என்றால் அந்த 120) சராசரியாக 6 புள்ளி இறங்கியிருந்தது. 6 புள்ளி லேசான விஷயமல்ல. ஆனால் 20 பேர், மூன்று வாரம். மருந்துக் கடையில் வாங்கக்கூடிய சிகிச்சையாக அது இன்னும் ஆகவில்லை.

அப்ப மாத்திரையை நிறுத்திடலாமா?

கூடாது. கூடவே கூடாது.

பக்கத்து ஊரில் ஒரு பெரியவர். நான் அண்ணே என்று கூப்பிடுவேன். பத்து வருடமாக மாத்திரை போட்டு 130-க்குள் வைத்திருந்தார். குடலைச் சுத்தம் செய்தால் மாத்திரையே வேண்டாம் என்று யாரோ பேசிய வீடியோவைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். இரண்டு மாதம் கழித்துச் சந்தைக்கு வந்தவர் தலை கனக்கிறது என்றார். பட்டையைக் கட்டினேன், 192/110. மறுவாரம் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. இப்போது நடக்கிறார், ஆனால் பூண்டுக் கத்தையை அவரால் முடிய முடியவில்லை, அண்ணிதான் முடிகிறார்கள். அவரை நினைத்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கிருமிக்குத் தீனி போடுவது மாத்திரைக்கு மேலே செய்கிற காரியம். மாத்திரைக்குப் பதில் செய்கிற காரியமல்ல. மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய பிறகு மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. வாங்கிப் போடுங்கள். நார்ச்சத்தும் உப்புக் குறைப்பும் சேர்ந்து பிரஷர் நன்றாக இறங்கினால் மாத்திரையைக் குறைப்பதா என்று டாக்டர் பார்த்துச் சொல்வார்.

நாங்க காய்கறி விளைவிக்கிறவங்க. எங்களுக்குப் போய் நார்ச்சத்து குறையுமா?

குறைகிறது தம்பி. வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

கேரட், பீன்ஸ், பட்டாணி, பட்டர் பீன்ஸ், சௌசௌ எல்லாம் விடியுமுன் லாரியேறி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகின்றன. பூண்டு வடுகபட்டிக்குப் போகிறது. திரும்பி மேலே ஏறும் வண்டியில் என்ன வருகிறது? தீட்டிய வெள்ளை அரிசி, மைதா, எண்ணெய், பிள்ளைகளுக்குப் பாக்கெட் தின்பண்டம். விலை போகாத நாலு கேரட்டைக் குழம்பில் போட்டுவிட்டு, குண்டான் நிறையச் சோறு சாப்பிடுகிறோம். கிருமிக்கு வேண்டிய தீனி மலையிலிருந்து இறங்கிப் போய்விடுகிறது.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட பட்டியலைப் பாருங்கள். 100 கிராம் ராகியில் நார்ச்சத்து சுமார் 11 கிராம். 100 கிராம் தீட்டிய அரிசியில் 3 கிராம்கூட இல்லை. உலக சுகாதார நிறுவனம் ஒரு பெரிய ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் வேண்டும் என்கிறது. மூன்று வேளையும் வெள்ளைச் சோறும் தெளிந்த ரசமும் என்றால் அதில் பாதியைத் தொடுவதே கஷ்டம். ஒரு வேளை ராகிக் களி, ஒரு கிண்ணம் வேகவைத்த பட்டர் பீன்ஸ் அல்லது மொச்சை, இரண்டு காய், ஒரு மலை வாழைப்பழம், இவ்வளவும் சேர்ந்தால் தாண்டிவிடலாம்.

நம் தாத்தா பாட்டி காலத்தில் இந்த மலையில் ராகியும் சாமையும் தினை வகைகளும்தான் சோறு. வெள்ளை அரிசி விருந்துக்கு. நீலகிரியில் 2023-ல் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி வாங்கிக்கொள்ளலாம் என்று தொடங்கினார்கள். அங்கே படுகர் வீடுகளில் ராகிக் களியும் அவரைக் குழம்பும் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. நம் பக்கத்து ரேஷன் கடைகளிலும் ராகி கிடைக்க வேண்டும் என்று கிராம சபையில் கேட்கலாம். நான் கேட்டிருக்கிறேன், இன்னும் கேட்பேன்.

மலைப்பூண்டு தினமும் தின்னா பிரஷர் போயிடுமா?

போகாது. ஆனால் பூண்டு நல்ல தீனி. அதிலிருக்கும் ஃபிரக்டான் என்ற சர்க்கரைச் சங்கிலி கிருமிகளுக்கு மிகவும் பிடிக்கும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமை. குழம்பிலும் ரசத்திலும் தாராளமாகப் போடுங்கள். ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரை போடுகிறவர்கள் மட்டும் பூண்டை மருந்து மாதிரி அளவுக்கு மேல் தின்னக் கூடாது.

பழைய சோறு நல்லதுங்கிறாங்க. இந்தக் குளிர்ல மாவே பொங்க மாட்டேங்குது, சோறு எங்கே புளிக்கும்?

சரியான கேள்வி. அடுப்பு ஓரத்தில் வைத்துக் கம்பளி போர்த்தினால்தான் இங்கே இட்லி மாவு பொங்கும். பழைய சோற்றில் இரண்டு காரியம் தனித்தனியாக நடக்கிறது. ஒன்று புளிப்பு. அதற்கு வெதுவெதுப்பு வேண்டும், மார்கழியில் இங்கே அது மந்தம்தான். இன்னொன்று, வெந்து குழைந்த மாவுச்சத்து ஆறும்போது மறுபடி இறுகிக்கொள்வது. அப்படி இறுகிய பகுதி சிறுகுடலில் செரிக்காமல் நார்ச்சத்து மாதிரியே பெருங்குடலுக்குப் போகும். குளிர் இதற்கு உதவியே செய்கிறது. வேகவைத்து ஆறிய உருளைக்கிழங்குக்கும் இது பொருந்தும்.

பழைய சோற்றோடு மோர் விட்டு, சின்ன வெங்காயம் கடித்துச் சாப்பிடுங்கள். உப்பைக் கல் கல்லாக அள்ளிப் போடுவதும், ஊறுகாய், மோர் மிளகாய், கருவாடு மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்வதும் வேண்டாம். வந்த லாபம் உப்பிலேயே போய்விடும். இட்லியில் கிருமி ஆவியில் வெந்து செத்துவிடும். தயிரிலும் மோரிலும்தான் உயிரோடு இருக்கும்.

உப்பு சிறுநீரகத்தைத்தானே கெடுக்கும்? கிருமிக்கும் உப்புக்கும் என்ன?

2017-ல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் எலிகளுக்கு உப்பு அதிகமாகக் கொடுத்தபோது, தயிர்க் கிருமிகளின் இனமான லாக்டோபாசில்லஸ் வகை ஒன்று குடலில் கரைந்துபோனது. அந்தக் கிருமி விடும் ஒரு பொருள் உடம்பின் அழற்சி செல்களை அடக்கி வைப்பது. அது போனதும் அழற்சி கூடி, பிரஷரும் ஏறியது. கிருமியைத் திருப்பிக் கொடுத்தபோது தணிந்தது. பிறகு 12 ஆண்களுக்குத் தினம் 6 கிராம் உப்பு கூடுதலாக 14 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கும் பிரஷர் ஏறியது, அந்த இனக் கிருமிகள் குறைந்தன.

ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் உப்பு. குழம்பில் மறைந்திருப்பதும் அதில் சேர்த்திதான்.

கறி, முட்டை, மீன் சாப்பிட்டா கெட்ட பொருள் உண்டாகுதாமே?

சிவப்புக் கறியிலும் முட்டையிலும் இருக்கும் கார்னிட்டின், கோலின் என்ற சத்துகளைச் சில குடல் கிருமிகள் உடைத்து ஒரு வாயுவாக்கும். கல்லீரல் அதை டிஎம்ஏஓ என்ற பொருளாக மாற்றும். 2011 முதல் அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக்கில் ஸ்டான்லி ஹேசன் குழு இதை இதய நோயோடு தொடர்புபடுத்தி வருகிறது. டிஎம்ஏஓ கூடுதலாக இருப்பவர்களிடம் ரத்தக் கொதிப்பும் கூடுதலாகக் காணப்படுகிறது. ஆனால் அதுவேதான் காரணமா, சிறுநீரகம் மந்தமாவதால் இரண்டும் சேர்ந்தே கூடுகின்றனவா என்ற வழக்கு முடியவில்லை. மீனில் அந்தப் பொருள் இயல்பாகவே உண்டு, ஆனாலும் மீன் சாப்பிடுகிறவர்களின் இதயம் மோசமாகவில்லை. அதனால் முட்டையைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆட்டுக்கறியை ஞாயிற்றுக்கிழமையோடு வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் காய் இருக்கட்டும்.

பீட்ரூட் சாறு பிரஷரை இறக்குமா? அதுவும் கிருமி வேலையா?

ஆமாம், ஆனால் குடல் கிருமி அல்ல, வாய்க் கிருமி! பீட்ரூட்டிலும் கீரையிலும் நைட்ரேட் இருக்கிறது. அது ரத்தத்தில் சேர்ந்து எச்சில் வழியாக வாய்க்குத் திரும்பும். நாக்கின் பின்பகுதியில் வாழும் கிருமிகள் அதை நைட்ரைட்டாக்கும். அதை விழுங்கினால் உடம்பில் நைட்ரிக் ஆக்சைடாகி ரத்தக் குழாயை விரிக்கும். லண்டனில் பிரஷர் நோயாளிகளுக்குத் தினம் 250 மில்லி பீட்ரூட் சாறு நான்கு வாரம் கொடுத்ததில் மேல் எண் ஏழெட்டுப் புள்ளி இறங்கியது. ஆரோக்கியமான ஆட்கள் குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினியால் ஒரு வாரம் வாய் கொப்பளித்தபோது பிரஷர் இரண்டு மூன்று புள்ளி ஏறியதையும் கண்டிருக்கிறார்கள். பல் டாக்டர் சொன்ன நாட்களுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

புரோபயாடிக் மாத்திரை வாங்கலாமா?

புரோபயாடிக் என்றால் உயிருள்ள நல்ல கிருமிகள். அவற்றைக் கொடுத்துப் பார்த்த ஒன்பது ஆய்வுகளை 2014-ல் சேர்த்துப் பார்த்ததில் மேல் எண் மூன்றரைப் புள்ளி அளவு இறங்கியது, அதுவும் எட்டு வாரத்துக்குக் குறையாமல் எடுத்தவர்களுக்கே நன்றாகத் தெரிந்தது. அந்தக் காசுக்கு வீட்டில் பால் உறை ஊற்றி, பயறு வாங்கலாம் என்பது என் கருத்து. வெளியிலிருந்து வரும் கிருமி தங்க வேண்டுமென்றாலும் அதற்குத் தீனி வேண்டுமே. மலத்தை அனுப்பிக் கிருமிப் பட்டியல் வாங்கும் பரிசோதனைக்கும் இப்போதைக்குச் செலவழிக்க வேண்டாம். அதை வைத்து எந்த டாக்டராலும் உங்கள் பிரஷர் மாத்திரையை முடிவு செய்ய முடியாது.

அவரை, மொச்சை சாப்பிட்டா வயிறு உப்புது. என்ன பண்றது?

புளிக்க வைக்கும் இடத்தில் காற்றும் வரும். திடீரென்று கிண்ணம் கிண்ணமாகத் தொடங்காமல், முதல் வாரம் இரண்டு கரண்டி, அடுத்த வாரம் நாலு கரண்டி என்று ஏற்றுங்கள். காய்ந்த பயறாக இருந்தால் இரவு ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேகவையுங்கள். பட்டர் பீன்ஸைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிடக் கூடாது, அதில் நஞ்சு உண்டு. நன்றாகக் குழைய வேண்டும். தண்ணீரும் கூடக் குடிக்க வேண்டும், குளிரில் நாம் தண்ணீரை மறந்துவிடுகிறோம்.

யாரெல்லாம் டாக்டரைக் கேட்காம இதைத் தொடங்கக் கூடாது?

சிறுநீரகம் பழுதானவர்கள். பயறு, வாழைப்பழம், பீட்ரூட், உருளைக்கிழங்கு எல்லாவற்றிலும் பொட்டாசியம் அதிகம். நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும், பழுதானது தேக்கி வைத்து இதயத் துடிப்பையே குலைக்கும். பிரஷர் மாத்திரைகளிலும் சில பொட்டாசியத்தைக் கூட்டும். குடல் ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். கர்ப்பிணிக்குப் பிரஷர் ஏறினால் சாப்பாட்டு யோசனையே வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

குளிர்காலத்துல எனக்குப் பிரஷர் கூடுது. அதுவும் கிருமியா?

அது குளிர். தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் ஏறும். அளக்குமுன் உள்ளே வந்து ஐந்து நிமிஷம் உட்கார்ந்து கதகதப்பாகுங்கள்.

எத்தனை நாள்ல தெரியும்?

சாப்பாடு மாறினால் குடலிலிருக்கும் கிருமிக் கூட்டம் சில நாட்களிலேயே மாறத் தொடங்கும். பழையபடி சாப்பிட்டால் அதே வேகத்தில் பழையபடி ஆகும். பிரஷரில் வித்தியாசம் தெரிய வாரக்கணக்காகும், எல்லோருக்கும் ஒரே அளவு இறங்காது.

என் அம்மாவுக்கு 78 வயது. போன வருடம் தை மாதத்திலிருந்து காலையில் ராகிக் கூழும் மோரும், மத்தியானம் சோற்றைப் பாதியாக்கி மீதிக்குப் பட்டர் பீன்ஸோ கொள்ளோ கொடுத்து வருகிறேன். மாத்திரை ஒன்றையும் நிறுத்தவில்லை. ஊறுகாய் ஜாடியை அம்மாவின் கை எட்டாத பலகையில் ஏற்றியதற்கு என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை. 150-ஐச் சுற்றியே நின்ற மேல் எண் சித்திரைக்குள் 140-க்குக் கீழே வந்தது. ராகியாலா, உப்புக் குறைந்ததாலா, குளிர் விட்டதாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் நாள்காட்டித் தாளில் தினமும் எண்ணைக் குறித்து வருகிறேன். இந்த மார்கழிக் குளிரில் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். நீங்களும் சந்தைக்கு வரும்போது உங்கள் எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்.